மூக்குத்தியைத் தொட்ட விரல்

அத்தியாயம் 9

பையின் ஜிப் சரியாகியிருந்தது.

சனிக்கிழமை காலை கட்டிலுக்கு அடியில் குனிந்து பையை இழுத்தபோதுதான் பார்த்தேன். இரண்டு வருடமாகப் பாதியில் வாய் பிளந்து கிடந்த ஜிப் அது. ஊக்கு குத்தித்தான் சமாளித்து வந்தேன். இப்போது ஒரே இழுப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. விரலில் ஏதோ பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தேன். தறிக்குப் போடுகிற ஆயில்.

எங்கள் வீட்டில் அந்த ஆயில் வாசனையோடு இருக்கிற ஆள் ஒருவர்தான்.

சென்ற வாரம், அந்தப் பையில் ஐந்து சேலைகளை மடித்து வைத்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான் ஆனந்தவல்லி. ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் தறிகளைப் பழுது பார்க்கிற பிட்டராக இருந்து மூன்று வருடத்துக்கு முன் காலமான சிவபாண்டியின் மனைவி. நான் சொல்லிக்கொண்டிருப்பது அவர் இறப்பதற்கு நாலு வருடம் முந்தைய கதை.

அப்போது எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. மதுரையில் பத்து நாள் படுத்திருந்தேன். அந்தப் பத்து நாளிலும் சரி, பிறகு வந்த பதினாலு மாதத்திலும் சரி, "உனக்கு எப்படி இருக்கு" என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முன்பே அதிகம் பேசாதவர். அதன் பிறகு சாவி, சாப்பாடு, குழாயில் தண்ணீர் என்று மூன்று சொல்லோடு நின்றுபோனார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெபக்கனி மேடம் என்று ஒருவர் கணவன் மனைவிக்கு ஆலோசனை சொல்கிறார் என்று கேள்விப்பட்டு என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். நான்கு சனிக்கிழமை போய்வந்தோம். ஐந்தாவது அன்றைக்கு. மேடம் முதலில் சொன்னதே ஐந்து தடவைதான். அன்றும் அவர் வாயைத் திறக்கவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் திருப்பூருக்கு மகள் மாரிச்செல்வியிடம் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிற போக்கு இல்லை. ஒரேயடியாகத்தான்.

இதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. எப்படியோ தெரிந்துகொண்டிருக்கிறார். தெரிந்த பிறகு சண்டை போடவில்லை. போகாதே என்று சொல்லவில்லை. ஜிப்பைச் சரிபண்ணி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

தாராளமாகப் போ என்கிறார். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுப்பை அணைத்தேன். கதவைப் பூட்டினேன். செட்டியார்பட்டி ரோட்டில் இருந்த அந்தத் தறிக்கூடத்துக்கு ஆட்டோ பிடித்தேன். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அதன் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. அன்று அத்தனை பேர் முன்னாலும் நிறுத்தி, "ஜிப்பை எதுக்குச் சரி பண்ணுனீக?" என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன்.

கேட்க முடியவில்லை.

உள்ளே காலை வைத்ததுமே என் குரல் எனக்கே கேட்கவில்லை. நாற்பது தறி. ஒவ்வொன்றும் தட்டுகிற தட்டு நெஞ்சுக்குள் விழுந்தது. "ஏங்க" என்று கத்திப் பார்த்தேன். தொண்டை அதிர்ந்ததே தவிர சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

அவர் எனக்கு முதுகைக் காட்டி நடுப்பாதையில் நின்றார்.

அவர் கைகள் பேசிக்கொண்டிருந்தன.

முதலில் எனக்கு விளங்கவில்லை. வலது கை மூன்று விரலைக் காட்டியது, உடனே இரண்டு கையுமாக ஏழு விரல். முப்பத்தேழாம் தறியில் நின்ற பெண் தலையாட்டிவிட்டு லிவரைத் தள்ளினாள். இடது கை காற்றில் நூலைப் பிடித்து இழுப்பதுபோல் இழுத்தது. அந்தக் கோடியில் இருந்த ஆள் குனிந்து அறுந்த நூலை முடிந்தார். அப்புறம் இரண்டு கையும் சேர்ந்து எதையோ நீளமாகச் சொல்லின. வயிற்றைத் தடவின, மீசையை முறுக்கின, யாரோ தடுக்கி விழுவதுபோல் ஒரு சாய்வு சாய்ந்தன. எட்டுப் பத்துப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கதை சொல்கிறார்! என் வீட்டுக்காரர் கதை சொல்கிறார், நாற்பது தறியும் வேலையை விடாமல் அதைக் கேட்கின்றன.

ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டாள். உடனே ஆள்காட்டி விரலால் மூக்கின் ஓரத்தைத் தொட்டு, வாசலைக் காட்டினாள். பக்கத்துத் தறிக்காரி மூக்கைத் தொட்டாள். அவளுக்கு அடுத்தவரும் தொட்டார். மூக்கைத் தொடுவது அப்படியே வரிசையாகப் போய் அந்தக் கோடி வரை போனது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பிச் சிரித்தது.

அவர் திரும்பினார்.

கைகள் இரண்டும் தொடையோரமாக இறங்கிவிட்டன. முகத்தில் வீட்டு முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. என்னைப் பார்த்தார், எதுவோ கேட்க நினைத்தார், பக்கத்தில் நின்ற தறியில் குனிந்துகொண்டார்.

என் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். ஒல்லியாக, தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு பெண். நூல் மூட்டை அடுக்கிய அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். பாதிச் சத்தம் வெளியே நின்றது.

"வாங்க மதினி. இப்பவாச்சும் வர மனசு வந்துச்சே. நான் பிச்சையம்மா. தார்க்குச்சியில நூல் சுத்துறேன்."

"என்னை எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"மூக்குத்தி." விரலை மூக்கோரத்தில் வைத்தாள். "உங்க பேரு இதுதான் இங்க. ஆளுக்கு ஒரு பேரு உண்டு. மொதலாளின்னா மூக்குக்கண்ணாடி. நான்னா இந்தா, எலும்பு." மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிச் சிரித்தாள். "இந்த எரைச்சல்ல வாயில பேசுனா எவனுக்குக் கேக்கும்? எல்லாம் கைப்பேச்சுதான். அதுலயும் எங்க அண்ணாச்சி சரியான வாயாடி."

"யாரு, எங்க வீட்டு ஆளா?"

"பொறவு? முப்பது வருசத்துல இந்தக் கூடத்துக்குப் பாதிப் பேச்சு அவிய உண்டாக்குனதுதான் மதினி. புதுசா வாரவளுக்கு அவியதான் வாத்தியாரு. மொதலாளியைப் பத்தி அவரு முன்னாலயே பேசிருவாக. அந்தாளு சிரிச்சிக்கிட்டே போயிருவாரு, பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும்.

"என்கிட்ட மட்டும் ஊமை."

பிச்சையம்மாள் கிட்டே வந்தாள்.

"மதினி, உங்களுக்கு எத்தனை தையல்?"

"என்னது?"

"ஆப்ரேசன்ல."

"தெரியலையே. யாரு எண்ணுனா?"

"ஏழு. பிரிச்ச அன்னிக்கு அவிய வந்து நடுவுல நின்னாக. மூக்கைத் தொட்டாக. இப்பிடி ஒவ்வொண்ணா நூலை இழுத்து இழுத்து ஏழு காட்டுனாக. அம்புட்டுப் பேரும் தறியை நிப்பாட்டிட்டுக் கை தட்டிட்டோம். நாப்பது தறியும் ஒண்ணா நின்னா என்ன ஆகும்? மொதலாளி தீப்பிடிச்சிருச்சுன்னு வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டாரு."

நான் நூல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"தெனமும் கேப்போம் மதினி. மூக்கைத் தொட்டு, கையை இப்பிடித் திருப்புனா, அவ எப்பிடி இருக்கான்னு அர்த்தம்." உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து ஒரு திருப்புத் திருப்பினாள். "அதுக்கு அவிய வெவரமாச் சொல்லுவாக. இன்னைக்கு ரெண்டு தம்ளர் கஞ்சி குடிச்சா. இன்னைக்குச் சொவத்தைப் பிடிக்காம பாத்ரூம் போனா. ஒருநா பாத்தா மொகமெல்லாம் சிரிப்பு. என்னன்னா, நீங்க அவியளத் திட்டுனீகளாம். திட்டுற தெம்பு வந்துருச்சாம்."

அந்தத் திட்டு எனக்கு நினைவிருந்தது. தலையணையைத் தள்ளி வைத்ததற்குத் திட்டினேன். அவர் பேசாமல் வெளியே போய்விட்டார். அன்றைக்கு நான் அழுதேன்.

"நாப்பது பேருக்குச் சொல்லத் தெரிஞ்சவகளுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா பிச்சையம்மா?"

"அதை நீங்கதான் கேக்கணும்."

"கேட்டா பதில் வந்தால்ல!"

"எந்தப் பேச்சுல கேட்டீக?" என்றாள் அவள்.

 "அவுகளுக்கு இங்க என்ன பேரு?" என்று மட்டும் கேட்டேன். அவள் ஸ்பேனர் பிடித்து நட்டைத் திருகுவதுபோல் கையைத் திருகினாள். நானும் திருகிப் பார்த்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துச் சரிசெய்தாள்.

வெளியே வந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நாலு மணிக்குத்தான?" என்றார்.

"மூணேகால் பஸ்."

"வாரேன்."

நான்கு வாரமும் அப்படித்தான். யாரிடமோ கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டு, நான் கூப்பிடுவதற்கு முன்பே இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். பேசாத மனிதர், பேசச் சொல்கிற இடத்துக்கு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்று வரை எனக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் ஊரிலிருந்து புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து வில்லிபுத்தூருக்குப் போனால் ஒன்று ஆண்டாள் கோயில், இல்லாவிட்டால் கோர்ட்டு. மூன்றாவதாக ஒரு காரணம் யாருக்கும் தோன்றாது. அதனால் போகிறபோது நான் தலையில் பூ வைத்துக்கொள்வேன். வருகிறபோது அவர் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொள்வார். நாலு வாரத்தில் பால்கோவா தின்று எனக்கு ரவிக்கை பிடிக்க ஆரம்பித்திருந்தது.

மேடத்தின் அறை தேரடிக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. அங்கே கடகடவென்று இரைகிற ஒரு ஃபேன். முதல் வாரம் ஒரு மணி நேரத்தில் அவர் சொன்ன ஒரே வாக்கியம், "மேடம், ஃபேன்ல பேரிங் போயிருச்சு" என்பது. வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். மேடம், "சரி பண்ண முடியுமா அண்ணாச்சி?" என்றார். அடுத்த வாரம் இவர் பையில் சாமானோடு வந்தார். மேடம் கீழே நின்று ஒவ்வொரு ஸ்குருவாக எடுத்துக்கொடுக்க, அவர் ஸ்டூலில் ஏறி நின்று பேரிங்கைப் பற்றி ஒன்பது வாக்கியம் பேசினார். நான் விரல் விட்டு எண்ணினேன்.

ஆனால் அதற்கடுத்த வாரம் ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. அவரும் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். தன்னை மூடியிருந்த இரைச்சலைத் தானே கழற்றி எறிந்துவிட்டார் என்பது அப்போது எங்கள் யாருக்கும் புரியவில்லை.

அன்று உள்ளே போனதும் மேடம் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, போன வாரம் வரைக்கும் அண்ணாச்சிகிட்ட நான் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்கதான் பதில் சொன்னீங்க. அவருக்குக் கோபம் வராது, அவருக்கு அப்படித்தான், அவருக்கு எதுவும் தோணாதுன்னு. இன்னைக்கு அவருக்காக நீங்க பேசக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

"சரிங்க மேடம்."

"அண்ணாச்சி, அக்காவோட ஆபரேஷன் நாளைப் பத்தி உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கோ அதைச் சொல்லுங்க. ஒண்ணுமே சொல்லத் தோணலைன்னாலும் பரவாயில்ல. நாங்க இருக்கோம்."

அவர் தரையைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். ஒரு தடவை என் காலைப் பார்த்தார்.   சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் மூன்று கோடு தாண்டியது. 'அவுகளுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது மேடம்' என்று என் நாக்கு நுனி வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ஜெனரேட்டரைப் போட்டார். அது எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே. அறை முழுவதும் அதிர்ந்தது. மேடம் என்னவோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது. ஜன்னலைச் சாத்த எழுந்து போனார்.

அந்த இரைச்சலில் என் வீட்டுக்காரரின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். இவ்வளவு நேரம் ஏறியிருந்த தோள்.

நான் கையைத் தூக்கினேன்.

ஸ்பேனரைத் திருகினேன். உள்ளங்கையை விரித்து ஒரு திருப்புத் திருப்பினேன். *நீங்க எப்படி இருக்கீக?*

கேட்டுவிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் பதினாலு மாதத்தில் நானும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கண் கேட்டது. நான் என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினேன். எலும்பு. அவர் உதடு ஒரு ஓரமாக விரிந்தது.

பிறகு அவர் கைகள் மடியிலிருந்து எழுந்தன.

விரல் மூக்கோரத்தைத் தொட்டது. நான். ஒரு கை விரிந்து காகிதமானது. மற்றொரு கை அதில் எழுதியது. அப்புறம் எட்டு விரல். மறுபடியும் எட்டு விரல். ஒவ்வொரு விரலாக மடக்கினார், ஒவ்வொன்றையும் மடக்க நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் கையை முறுக்கித் தொண்டையில் வைத்து, தறியை நிறுத்துகிற லிவரை இழுப்பதுபோல் கீழே இழுத்தார்.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கீழே ஜெனரேட்டர் நின்றது.

கைகள் நிற்கவில்லை.

சத்தமே இல்லாத அந்த அறையில் அவர் திரும்பவும் மூக்கைத் தொட்டார், திரும்பவும் எழுதினார், திரும்பவும் எட்டைக் காட்டினார். மேடம் ஜன்னல் ஓரத்தில் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. 

கைகள் மெதுவாக மடிக்கு வந்த பிறகு மேடம் கேட்டார்.

"அண்ணாச்சி, எனக்கு இந்தப் பாஷை தெரியாது. அக்காவுக்கும் பாதிதான் தெரியுது போல. எங்களுக்கு அர்த்தம் சொல்றீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். புதிதாக வேலைக்கு வந்தவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, ஒவ்வொரு சைகையாகக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

"இது கையெழுத்து. ஆப்ரேசனுக்கு முன்னால என்கிட்ட வாங்குனாக. என்ன ஆனாலும் சம்மதம்னு."

"ம்."

"இது எட்டு நாள். சதையைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிருக்கோம்னு டாக்டர் சொன்னாரு. அது கேன்சரா இருந்தாலும் இருக்கும். ரிசல்ட் வர எட்டு நாள் ஆகும். அதுவரைக்கும் அவககிட்ட சொல்லாதீக, தாங்க மாட்டாகன்னு சொன்னாரு."

என் காதுக்குள் ஜெனரேட்டர் மறுபடியும் ஓடியது. மதுரையில் அந்த வார்டு, பச்சைத் திரை, கதவுக்கு வெளியே தெரிந்த அவர் செருப்பு. அந்தச் செருப்பு உள்ளே வரவில்லையே என்று நான் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த எட்டு நாள்.

"தறியில அம்புட்டையும் சொன்னேன்," என்றார் அவர். "இதை மட்டும் சொல்லல. ஒருத்தருக்கும் சொல்லல."

"எப்படி இருக்குன்னு நீங்க அக்காகிட்ட கேட்டிருந்தா?" என்றார் மேடம்.

"கேட்டா அவ திருப்பிக் கேப்பா. டாக்டர் என்ன சொன்னாருன்னு. எனக்குப் பொய் சொல்ல வராது மேடம். அதான் கேக்கல."

"ரிசல்ட்?"

"ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு. ஒம்பதாம் நாள் காலையில. அந்த ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டுல போய் நின்னு..." நிறுத்தினார். கையைத் தூக்கினார். இந்தத் தடவை அதற்குச் சைகை இல்லை போலிருக்கிறது. இறக்கிவிட்டார். "பொறவு பேசிரலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள பழகிருச்சு. பேசாம இருந்து இருந்து, எங்க இருந்து ஆரம்பிக்கன்னு தெரியல. நூலு அறுந்தா முனை எங்கன்னு தெரியணும்ல. தெரிஞ்சாத்தான முடிய முடியும்."

மேடம் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப நீங்க பேசலாம் அக்கா."

பதினாலு மாதத்துக் கோபமும் அவ்வளவு அழுகையும் சேர்ந்து நின்றன. எட்டு நாளை எனக்கும் கொடுத்திருக்கலாம், இரண்டு பேரும் ஆளுக்கு நாலு நாளாகச் சுமந்திருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். அதைப் பிறகு ஒரு நாள் சொன்னேன், அழுத்தமாகவே சொன்னேன். அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"ஜிப்பை எதுக்குச் சரி பண்ணுனீக?"

அவர் நிமிர்ந்தார். இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார்.

"நீ ஊக்கு குத்திக் கொண்டு போவ. பஸ்ல எடுக்கும்போது வைக்கும்போது கையைக் கிழிச்சிக்கிருவ."

"நான் போறது தெரியும்?"

"தெரியும்."

"போகாதன்னு ஒரு வார்த்தை?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். "என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். மூக்கு ஒழுக, கண் ஒழுகச் சிரித்தேன். பொண்டாட்டி வீட்டை விட்டுப் போகிறாள் என்று தெரிந்து, அவள் பைக்கு ஆயில் போட்டு வைத்த ஆம்பளை இந்த விருதுநகர் மாவட்டத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் என்னுடையவர்.

மேடமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அஞ்சு தடவைன்னு சொல்லியிருந்தேன்..." என்று ஆரம்பித்தார்.

"அடுத்த சனிக்கிழமையும் வாரோம்," என்றார் அவர்.

வாரேன் என்றுதான் எப்போதும் சொல்வார். வாரோம் என்றார்.

போன வாரம் வரை அந்தப் படியில் நான் முதலில் இறங்குவேன். நான் தெருமுனைக்குப் போன பிறகு, அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் இறங்கி வருவார். அன்று சேர்ந்து இறங்கினோம். கடைசிப் படியில் எதிரே நின்றவர் சுப்புராஜ்.

எங்கள் தெருக்காரர். மாடியும் காருமாக வாழ்கிறவர். ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார் போல. கையில் ஏதோ காகிதக் கட்டு. எங்களைப் பார்த்தார், மேலே பார்த்தார், அங்கே மாட்டியிருந்த 'குடும்ப நல ஆலோசனை' போர்டைப் பார்த்தார்.

"ஏமப்பா சிவபாண்டி, ஜோடியா? கோர்ட்டுக்கா, கோயிலுக்கா?"

கோயிலுக்குத்தான் அண்ணாச்சி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பழக்கதோஷம். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"ரெண்டும் இல்ல. மேல மேடத்தைப் பாக்க வந்தோம்."

"மேடமா? எதுக்கு?"

"பேசப் பழகுதோம். எனக்குத்தான் வரல. அவ கூட்டியாந்தா."

அந்தத் தேரடியில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில், தலை நிமிர்ந்து சொன்னார்.   எங்கள் தெருவில் எத்தனை ஆண்கள், என்னென்ன வீரம் பேசுகிறவர்கள்! வீட்டில் ஒரு குறை என்று இன்னொருவர் முகத்துக்கு நேராக ஒப்புக்கொண்ட ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் பக்கத்தில் நின்றவர் எனக்கு ஒரு சாண் உயர்ந்து தெரிந்தார்.

சுப்புராஜ் சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. காகிதக் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?" என்றார்.

"ஆறு மணி வரைக்கும்," என்றார் இவர். "ஃபேன் நல்லாச் சுத்தும். பயப்படாமப் போங்க."

அன்றைக்குப் பால்கோவா வாங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றோம். வெயில் சாய்ந்திருந்தது. என் கைப்பையில் போன் அடித்தது. மாரிச்செல்வி. அவள் பேசினால் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்.

"அம்மா, நாளைக்குக் காலையில எந்த பஸ்? அலமாரியில உங்களுக்கு எடம் ஒதுக்கி வச்சிட்டேன். அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா இல்லையா?"

அவருக்குக் கேட்டுவிட்டது. என்னைப் பார்த்தார்.

மகளிடம் அவர் போனில் பேசியதே கிடையாது. கல்யாணமாகிப் போன நாலு வருடத்தில், போன் அவர் கையில் அகப்பட்டால், "அம்மாகிட்ட குடுக்கேன்" என்கிற இரண்டு சொல்லோடு என்னிடம் வந்துவிடும். அந்த ஆள் இப்போது கையை நீட்டினார். கொடு என்கிற கை. அதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கொடுத்தேன்.

போனைக் காதில் வைத்தார். "ஏட்டி, அப்பா பேசுதேன்," என்றார். அந்த நேரம் பார்த்து எங்கள் பஸ் உறுமிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். ஜனம் முண்டியடித்தது. அவர் ஏறவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். உதடு அசைவது தெரிந்தது, ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை.

ஆனால் இன்னொரு கை சும்மா இருந்தது. அது தானாக எழுந்தது. திருப்பூரில் இருக்கிற மகள் பார்க்க மாட்டாள் என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியவில்லை. விரல் மூக்கோரத்தைத் தொட்டது. அப்புறம் உள்ளங்கை குவிந்தது, நெஞ்சில் வந்து படிந்தது, மெதுவாக இரண்டு தடவை அழுத்தியது.

போன் என்னிடம் திரும்பி வந்தபோது மாரிச்செல்வி அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க வர வேண்டாம். நாளைக்கு நான் வாரேன்."

"அப்பா என்னட்டி சொன்னாக?"

"அவரையே கேளுங்க," என்று வைத்துவிட்டாள்.

அவர் அதற்குள் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழி நெடுக நான் என் கையை மடியில் வைத்து, உள்ளங்கையைக் குவித்து, நெஞ்சில் வைத்து, இரண்டு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்தச் சைகையைப் பிச்சையம்மாள் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. தராமலே அதன் அர்த்தம் எனக்குத் தெரிந்தது.